கர்ச்சீப் ஹெச்.எம்.

ஒரு வாத்தியாரை அவர் வகுப்பிலேயே வைத்துத் திணறடிப்பதில் எங்கள் கர்ச்சீப் ஹெச்.எம்.மை மிஞ்ச, திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றி எந்தத் திசையிலும் ஆள் கிடையாது. திணறிய வாத்தியார் அடியேன்தான். கணக்கில் புலி என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டு திரிந்தவன்.

எட்டாம் வகுப்பில் யாஸ்மின் என்று ஒரு பிள்ளை. பார்வை கிடையாது. பேகம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் அவள் அத்தா ஒருநாள் ஹெச்.எம். அறைக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"கணக்கு ஒண்ணும் வெளங்கலன்னு தெனம் அழுவுது சார். பரீச்சையோட நிப்பாட்டிரலாம்னு பாக்குறேன்."

நான் பெரிய மேதையாட்டம், "அதுக்குத்தான் சிறப்பாசிரியை வாராங்கல்ல சார், அவங்க பாத்துக்கிறட்டும்" என்று நழுவினேன்.

"பரீச்சை வரைக்கும் பொறுங்க பாய். கோளாறு எங்கன்னு நானே உக்காந்து பாக்குறேன்" என்றார் ஹெச்.எம்.

மறுநாள் கணக்குப் பீரியடில் மனிதர் யாஸ்மின் பக்கத்தில் உட்கார்ந்து, கர்ச்சீப்பால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டார். நான் போர்டில் எழுதி, "இதையும் இதையும் பெருக்கினா இது வரும்" என்றேன்.

"எதையும் எதையும் சார்?"

"இந்தா, இது ரெண்டையும்."

"எங்கன இருக்கு?"

வகுப்பே சிரித்தது. எனக்கு வேர்த்து ஊற்றியது. இத்தனை வருஷமும் நான் பாடம் நடத்தியது வாயால் அல்ல, விரலால்!

அன்று சாயங்காலமே ஹெச்.எம்., சிறப்பாசிரியை, நான் மூவரும் உட்கார்ந்து பேசினோம். அந்த அம்மா அட்டையில் நூல் ஒட்டி முக்கோணம் செய்தார். நான் எழுதுவதையெல்லாம் கிரிக்கெட் கமெண்டரி மாதிரி வாய்விட்டுச் சொல்லப் பழகினேன். தொண்டையே கட்டிப்போயிற்று. ஹெச்.எம்.மோ பரீட்சை வரைக்கும் கணக்குப் பீரியடில் யாஸ்மின் பெஞ்சை விட்டு எழவே இல்லை. தமிழாசிரியராக இருந்து வந்தவர், கணக்கு அவருக்கு நிஜமாகவே ஏறவில்லை.

பரீட்சை முடிந்ததும் பாய் டி.சி. கேட்டு வந்து வகுப்பு வாசலில் நின்றார். உள்ளே யாஸ்மின், கண் கட்டியிருந்த ஹெச்.எம்.மின் விரலைப் பிடித்து அட்டையில் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"அதில்ல சார். இதுதான் கர்ணம், நீளமான பக்கம். எம்புட்டு தடவ சொல்றது?"

"கோவிச்சுக்கிறாத தாயி, இன்னொருக்கா சொல்லு."

"சார், பாய் வந்திருக்காரு" என்றேன்.

அவர் கட்டை அவிழ்க்காமலே வாசல் பக்கம் கும்பிட்டார். "பாய், இவள நிப்பாட்டிராதீங்க. நான் இன்னும் பாஸாகல."

பாய் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "படிக்கட்டும் சார்" என்றார்.

ஒன்றுமே எழுதியிராத போர்டை நான் திரும்பி நின்று மும்முரமாக அழித்துக்கொண்டிருந்தேன். பிடித்துப்போயிற்று ஐயா, அந்தக் கர்ச்சீப் மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.