மரியநேசனுக்குச் சுகம் வந்த கதை

"சாப்பிடேக்கை கோப்பையைப் பாராதை, மோனை..." என்று மரியநேசனின் பெரியப்பா சொல்லுவார். வேறு எதையோ பார்க்கச் சொன்னவர். வயிற்றையா, பக்கத்திலிருப்பவனையா என்பது மறந்துபோய்விட்டது. இப்போது மரியநேசன் சோத்துக் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நடுக்கடலில் தனித்த வள்ளம்போல ஒரு பிடி சோறு கிடந்தது.

கிளினிக்கில் நிறை பார்த்த தாதி, "சோத்தைப் பாதியாக் குறையுங்கோ" என்றிருந்தா. மனைவி ஜோசப்பின் அந்தப் பாதியையும் பாதியாக்கினாள்.

"என்னப்பா இது? கோழிக்குஞ்சின்ரை சாப்பாட்டை மாறித் தந்திட்டியோ?"

"இல்லை. குஞ்சு மெலிவு. அதுக்கு ஒரு கரண்டி கூட வைச்சனான்."

"பசியிலை செத்துப்போவன்."

"சந்திமட்டும் நடந்திட்டு வாங்கோ. பசி மறக்கும்."

நடப்பதா! பக்கத்து வீட்டுக்கே மோட்டார் சைக்கிளை உதைக்கிற மனிதன் அவன்.

யோசித்தான். முல்லைத்தீவுக் கரையில் வருத்தக்காரனைப் பார்க்க ஒருவரும் வெறுங்கையோடு வருவதில்லை. உடனே பக்கத்து வீட்டு றொமேஸை வேலியோரம் கூப்பிட்டான்.

"எனக்குச் சுகமில்லையடா. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

அது போதும். கோயில் மணி அடித்தால்கூட அவ்வளவு பேருக்குக் கேட்டிராது.

மரியநேசன் கழுத்துவரை போர்த்துக்கொண்டு கட்டிலில் முனகினான். ஜோசப்பின் வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மண்பானைபோலக் குளிர்ந்திருந்தது. போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிவிட்டாள்.

பின்னேரம் சனம் திரண்டது. பிஸ்கட், முந்திரிகை, சுடச்சுட இறால் வடை. ஜோசப்பின் எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கிக் குசினிக்குக் கொண்டுபோனாள். கொஞ்ச நேரத்தில் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வந்தது. கூடவே அந்த வடையும் வந்தது.

"ஐயோ பாவம், மூச்சு வாங்குது," என்றா ஒரு மாமி, வடையைக் கடித்தபடி. அவன் மூச்சு வாங்கவில்லை. வாசம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வடை..."

"பிதற்றத் தொடங்கீட்டார்," ஜோசப்பின் தன் கண்ணைத் துடைத்தாள். "வருத்தக்காரருக்கு எண்ணெய்ச் சாமான் ஆகுமோ, மாமி?"

"கூடவே கூடாது பிள்ளை. கஞ்சித்தண்ணி குடு."

தட்டில் கடைசி வடை. அதை நோக்கி றொமேஸின் கை நீண்டது. மரியநேசன் போர்வையை எறிந்துவிட்டுத் துள்ளி எழுந்தான்.

"எனக்குச் சுகம்! எல்லாம் மாறீட்டுது!"

ஜோசப்பின் மாதா படத்தின் முன் தொப்பென்று முழந்தாளிட்டாள்.

"தாயே! இப்பத்தானே குசினிக்கை நேர்ந்தனான்! இவர் எழும்பினால் மடு மாதா கோயிலுக்கு நடந்தே வருவாரெண்டு!"

எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மாமி அழுதேவிட்டா.

"நேர்ந்தது நீ. மடுவரைக்கும் மூண்டு நாள் நடக்கிறது நானோ?"

"சுகம் வந்தது ஆருக்கு?"

"நானும் வாறன் அண்ணை," என்றான் றொமேஸ், வாய் நிறைய வடையோடு. "தண்ணிப் போத்தில் தூக்கித் தாறன்."

ஜோசப்பின் எழும்பி மரியநேசனின் காதுக்குள் சொன்னாள். "உங்களுக்கு வருத்தமே இருக்கேல்லை எண்டால் இப்பவே சொல்லுங்கோ. சனமெல்லாம் இருக்கினம்தானே."

மரியநேசன் சனத்தைப் பார்த்தான். மாதாவைப் பார்த்தான். முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிளைப் பார்த்தான்.

வருகிற சனிக்கிழமை மடுவுக்கு நடந்தே போவதென்று முடிவெடுத்தான்.