பேசும் பக்கம் வெள்ளையாகிப்போனது பற்றி மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் நலத்தைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

எங்கள் கணினியில் நிரல் எழுதுவதற்கான கோட் எடிட்டரைப் போட்டுக் கொடுத்த அன்று நீங்கள் கேட்டீர்கள்: “பேச முடியாதவங்களுக்குப் போன்லயே ஆப் இருக்கே மாமா, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?” அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் இதுதான். அந்த ஆப்பில் பேசும் பெண் ‘தண்ணீர் வேண்டும்’ என்று சொன்னால் ரயில் வருகிறது என்று அறிவிப்பதுபோல் இருக்கிறது. தொலைபேசி நிலையத்தில் வேலை முழுவதையும் பேசியே பார்த்த உங்கள் அத்தைக்கு, பக்கவாதத்தில் பேச்சும் வலது கையும் போனபிறகு, யாரோ ஒருத்தியின் குரலைக் கடன் வாங்க மனம் வரவில்லை. அதனால்தான் கணினியில் நானே ஒரு பக்கம் எழுதினேன். பெரிய பெரிய பொத்தான்கள், அழுத்தினால் பேசும் குரல் என்னுடையது. அவள் இடது கையால் மவுஸைப் பிடித்து அழுத்துவாள். ‘டிவியை நிறுத்துங்க’ என்று என் குரலே என்னை அதட்டும். நானும் நிறுத்திவிடுவேன். நான் பாடம் நடத்திய வகுப்பில் இத்தனை சீக்கிரம் யாரும் எனக்குக் கீழ்ப்படிந்ததில்லை.

போன வாரம் கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. மறுநாள் காலையில் எடிட்டரைத் திறந்தால் இடது பக்கம் நான் எழுதியது அப்படியே இருக்கிறது, வலது பக்கத்தில், எடிட்டருக்கு உள்ளேயே பக்கத்தைத் திறந்து காட்டும் பிரவுசர் மட்டும் வெள்ளை. பொத்தான் ஒன்றுகூட இல்லை. உங்களை அழைத்தேன். மீட்டிங்கில் இருந்தீர்கள், இருந்தும் எடுத்தீர்கள். “எரர் என்ன வருது மாமா?” என்றீர்கள். “ஒண்ணும் வரல மாப்பிள்ளை, வெள்ளையா இருக்கு” என்றேன். “எரர் வரலைன்னா நல்லாத்தான் இருக்கும்” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். பிறகு தெருமுனை ரிப்பேர்க் கடைக்காரர் வந்தார். “டிஸ்பிளே போச்சு சார்” என்றார். “அப்ப இடது பக்கம் எப்படித் தெரியுது?” என்று கேட்டேன். சற்று யோசித்து, “பாதி போயிருக்கும்” என்றார். எடிட்டரை நீக்கிவிட்டு மறுபடி போட்டார், கேபிளைக் கழற்றி மாட்டினார், தூசு தட்டினார். வெள்ளை இன்னும் பளிச்சென்று தெரிந்தது. இதற்கிடையில் உங்கள் அத்தை கையை நீட்டினால் நான் தலையணை எடுத்துக் கொடுப்பேன், அவள் தலையை ஆட்டுவாள், போர்வை கொடுப்பேன், அதுவும் இல்லை. அவள் கேட்டது ஜன்னலைச் சாத்தச் சொல்லி. அது புரிவதற்குள் மழைச்சாரல் கட்டில்வரை வந்துவிட்டது. அன்று அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அப்புறம் கை நீட்டவே இல்லை. மாப்பிள்ளை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தப்பாக எழுதிய பையனைத் திருத்திவிடலாம். வெற்றுத்தாள் நீட்டுகிறவனை என்ன செய்வது? தனியே கூப்பிட்டு வாய் திறக்க வைக்க வேண்டும். எடிட்டரை ஐகானைத் தட்டித் திறக்காமல், கட்டளைகளை எழுதும் கறுப்புத் திரையான டெர்மினலில் அதன் பெயரை எழுதித் திறந்தேன். கொட்டித் தீர்த்துவிட்டது. இத்தனை நாள் அடக்கிவைத்த புலம்பல் எல்லாம் வரிவரியாக வந்தது. சாரம் இதுதான்: படம் வரைகிற கிராஃபிக்ஸ் சிப்புக்கும் புதுப்பித்த கணினிக்கும் ஒத்துப்போகவில்லை. ஓவிய வாத்தியார் லீவு போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசரோ அவர்தான் வந்து வரைய வேண்டும் என்று கரும்பலகை முன்னால் காத்திருக்கிறது. திறக்கும் கட்டளையோடு ‘டிஸேபிள் ஜிபியு’ என்று சேர்த்தேன். அதாவது, ஓவிய வாத்தியார் வேண்டாம், வகுப்பு வாத்தியாரே வரைந்துகொள்ளட்டும். பொத்தான்கள் எல்லாம் வந்துவிட்டன. என் கண்ணில் தண்ணீர் வந்ததை மகளிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் வேலை மேன்மேலும் சிறக்கட்டும். மகளுக்கு என் அன்பும், அத்தையின் இடது கை ஆசியும்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: கடிதத்தை உங்கள் அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்ததும் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு அவள் உட்கார்ந்தாள். எடிட்டரை மூடினாள். கணினித் திரையின் முகப்பில் நான் சேமித்து வைத்திருந்த அந்தப் பக்கத்தின் கோப்பை இரண்டு தரம் தட்டினாள். நாங்கள் தினமும் செய்தி படிக்கிற சாதாரண பிரவுசரில் பக்கம் முழுசாகத் திறந்தது. அந்தப் பக்கம் எடிட்டருக்குள் மட்டுமே குடியிருப்பது என்று நான் நினைத்திருந்தேன். “இது உனக்கு முதல் நாளே தெரியுமா?” என்றேன். ‘ஆமா’ பொத்தானை அழுத்தினாள். “அப்பவே சொல்லியிருக்கலாமே” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. அத்தனை நாளும் மவுஸை நான் கையிலிருந்து விடவே இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சத்தமும் இருந்தது.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். உங்களுக்கும் இப்படி வெள்ளையாக வந்தால், மவுஸைப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.