ஊட்டு வாசம்

சூலூர்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை சென்னகேசவன் அவர்களுக்கு, உங்கள் மாமனார் ஆறுச்சாமி வணக்கமும் ஆசியும் சொல்லி எழுதுவது. இங்கே நானும் வீடும் சௌக்கியம். அங்கே கனடாவில் நீங்களும், மகள் சண்முகப்ரியாவும், பேத்தி மேக்னாவும், அவளைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிற என் வீட்டுக்காரி, உங்கள் அத்தை பாவாத்தாளும் குளிருக்குப் பழகி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள், எல்லோரும் சேர்ந்து கேட்கிறீர்கள், குழந்தை வேறு போனை நக்குகிறது. பக்கத்து வீட்டு புவனாவின் தம்பி கௌதமன் உங்கள் ஊருக்கே படிக்க வருவதால் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையைப் பிரித்ததும் ஒயர் கருகின வாசம் வந்தால் பயப்பட வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

முதலில் முக்கியமான விஷயம். சண்முகப்ரியா மறுபடி வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது, அத்தை இன்னும் ஆறு மாதம் கனடாவிலேயே இருக்கட்டுமா, யோசித்துச் சொல்லுங்கள் மாமா என்று போன வாரம் மிகவும் மரியாதையாகக் கேட்டீர்கள். அன்றைக்கே போனில் சொன்னதுதான், இப்போது எழுத்திலும் சொல்கிறேன். தாராளமாக இருக்கட்டும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வந்துவிடுகிறது, துணி மெஷினில் சுற்றுகிறது, விமானப்படைக்காரர்கள் தலைக்கு மேலே போய்வந்து சத்தத்துக்கும் பஞ்சமில்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ரிட்டையர்டு கண்டக்டருக்கு வேறென்ன வேண்டும்?

சின்னதாக ஒரே ஒரு சங்கடம், அதுவும் ஒரு சென்ட் பாட்டிலைப் பற்றியது. நீங்கள் கம்பெனி விவகாரமெல்லாம் தெரிந்தவர், அதனால் உங்களிடம் சொல்கிறேன். ஒருநாள் சந்தைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தேன். வீட்டில் எந்த வாசமும் இல்லை. கெட்ட வாசம் என்றால் ஜன்னலைத் திறந்துவிடலாம், ஒன்றுமே இல்லையென்றால் எதைத் திறப்பது? புதிதாகக் கட்டி இன்னும் குடிபோகாத வீடு மாதிரி சுண்ணாம்பும் சிமென்டுமாக நின்றுகொண்டிருந்தது. அடுப்படியில் போய் மோந்து பார்த்தேன், பூஜை அலமாரியில் மோந்து பார்த்தேன், கடைசியில் உங்கள் அத்தையின் பீரோவைத் திறந்து சேலைக்குள் மூக்கை விட்டேன், அந்துருண்டை மூக்கில் ஏறி அரை மணி நேரம் தும்மினேன். சரி, நாமே அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினால் அந்த வாசம் வந்துவிடும் என்று குக்கரை வைத்தேன், அது அடிப்பிடித்து இன்றைக்கும் ஊறிக்கொண்டிருக்கிறது. அத்தையிடம் சொல்லிவிட வேண்டாம், அது அவருடைய சீர்வரிசைக் குக்கர்.

இந்த நேரத்தில்தான் போனில் ஒரு விளம்பரம் வந்தது. ஒரு பெண் கையைச் சுழற்றி, 'ஒரிஜினல் ஊட் வாசம், ஒரு தடவை அடிச்சா நாள் முழுக்க உங்களை விட்டுப் போகாது' என்று சொன்னாள். நம் பக்கம் வீட்டை ஊடு என்போம், வீட்டு வாசத்தை ஊட்டு வாசம் என்போம். நீங்கள் சென்னையில் வளர்ந்தவர், கல்யாணப் பேச்சின்போது 'எங்க ஊட்டுக்கு வாங்க' என்று நான் கூப்பிட்டதை ஊட்டிக்குக் கூப்பிடுவதாக நினைத்து சித்திரை வெயிலில் ஸ்வெட்டரோடு வந்து இறங்கியவர், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டு வாசத்தையே பாட்டிலில் அடைத்து விற்கிற அளவுக்குக் காலம் வந்துவிட்டது, என்னைப் போல ஊரெல்லாம் ஆட்கள் இருப்பார்கள் போலிருக்கிறது என்று எனக்கு ஒரு பக்கம் வருத்தம், ஒரு பக்கம் ஆறுதல். உடனே ஆர்டர் போட்டேன்.

பாட்டில் வந்தது. அட்டையில் என்னென்ன வாசம் என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்ததைப் புவனா படித்துச் சொன்னாள். முதலில் குங்குமப்பூ, அதற்கடுத்து ரோஜா, அடியில் ஊட், தோல், புகை. எனக்குச் சந்தேகமே வரவில்லை. ரோஜா, வாசலில் தொட்டியில் இருக்கிறது. புகை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. தோல், என்னுடைய செருப்பு. குங்குமப்பூ மட்டும் நம் வீட்டில் கிடையாது, ஆனால் சண்முகப்ரியா முழுகாமல் இருந்தபோது பாலில் போட்டுக் குடிக்கக் கொடுத்தனுப்ப வாங்கி வைத்தோமே, அதைக்கூட விடாமல் சேர்த்திருக்கிறார்கள் என்று அந்தக் கம்பெனி மேல் ஒரு மதிப்பே வந்துவிட்டது. தலையணையில் அடித்தேன், திரைச்சீலையில் அடித்தேன், அடுப்படியில் நின்று நாலு பக்கமும் அடித்தேன், அத்தை உட்கார்ந்து டிவி பார்க்கிற நாற்காலிக்கு மட்டும் தனியாக இரண்டு தடவை அடித்தேன்.

குங்குமப்பூ வரவில்லை. ஊசி போடும் முன்னால் ஆஸ்பத்திரியில் தடவுவார்களே, அந்த மருந்து வாசம் வந்தது. ரோஜா அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில், டெப்போவில் வெயிலில் நிறுத்திய புது பஸ்ஸின் ரெக்ஸின் சீட்டு வாசம் வந்தது, அதற்குப் பிறகு ஒயர் கருகுவது போல ஒன்று வந்து அப்படியே தங்கிவிட்டது. புவனா ஓடிவந்து மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீசியனைக் கூட்டிவந்தாள். அவர் எல்லா பிளக்கையும் கழற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் என் சட்டையை மோந்து பார்த்துவிட்டுப் போனார். தயிரும் அதே வாசம் அடித்தது. மெஸ்காரர் தந்த ரசத்திலும் எனக்கு அதே வாசம்தான் வந்தது, பாவம், அவரை வேறு கோபித்துக்கொண்டேன்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். பிரத்யுஷா என்று ஒரு பெண் எடுத்து, தமிழில் அருமையாகப் பேசினாள். வாசம் சரியில்லை என்றேன்.

"ஊட் பர்ஃப்யூம்தானே சார் வாங்கியிருக்கீங்க?"

"ஆமாங்க அம்மணி. ஆனா எங்க ஊடு இப்படி அடிக்காதுங்க."

"உங்க ஊட் எந்த கம்பெனி சார்?"

"கம்பெனியெல்லாம் இல்லீங்க, நானே கட்டுனது. ரெண்டு பெட்ரூமு, முன்னால ஒரு வேப்பமரம்."

அந்தப் பெண் மிகவும் மெதுவாக, "சார், பக்கத்துல வேற யாராவது இருக்காங்களா, அவங்ககிட்ட குடுக்கறீங்களா?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். தனியாக இருக்கிற வீட்டில் சாதாரணமாகச் சொல்லவேண்டிய பதில்தான், சொன்னதும் நான் லைனை வைத்துவிட்டேன்.

மறுநாள் பஸ் ஏறி உக்கடம் போய், கோட்டைமேட்டில் அமீர் ஹம்சா வீட்டுக்குப் போனேன். என்னோடு ஒரே வண்டியில் டிரைவராக இருந்தவர், உங்கள் கல்யாணத்தில் பந்தியை நடத்தியவர், ஞாபகம் இருக்கும். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, கூட்டமான வண்டியில் மூன்று பேர் சீட்டில் நான் ஒருவனாகப் போனேன். அமீர் ஹம்சா நடந்ததைக் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். "ஏனுங்க கண்டக்டரே, இது ஊடு இல்லீங்க, ஊது. அகில் கட்டை," என்று சொல்லி, நிஜமான ஊது அத்தர் ஒரு சின்னக் குப்பியில் வைத்திருந்ததை என் மணிக்கட்டில் தொட்டுவைத்தார். அது அந்தியூர் குதிரைச் சந்தை மாதிரி அடித்தது. ஆக, அட்டையில் போட்டிருப்பது ஒன்று, பாட்டிலில் இருப்பது ஒன்று, நிஜ ஊது இன்னொன்று, நான் கேட்டதோ இது எதுவுமே இல்லை. அட்டையில் போடுவதெல்லாம் உள்ளே இருக்கிற சரக்கு இல்லை, இன்ன மாதிரி தோன்றும் என்று அவர்களாகச் சொல்வது, ஆளுக்கு ஆள் மூக்கும் மாறும் உடம்பும் மாறும் என்று உம்மல் குல்சும் அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார். அவர் அமீர் ஹம்சாவின் வீட்டம்மா.

மாப்பிள்ளை, அந்த அடுப்படியில் தேங்காய்ப்பால் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பூண்டு, பட்டை, துவைத்து உள்ளே காயப்போட்ட துணி, அமீர் ஹம்சாவின் முட்டிவலித் தைலம், எல்லாம் சேர்ந்து ஒரு வாசம். உங்கள் வீடு நன்றாக வாசமடிக்கிறது என்றேன். அந்த அம்மா இரண்டு தடவை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே," என்றார். உள்ளே இருக்கிறவருக்குத் தெரியாது போலிருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது, இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், சாப்பிட்டேன், அவர்கள் வீட்டு வாசம் சட்டையில் ஒட்டியிருந்தது, சூலூர் வந்து கதவைத் திறந்ததும் போய்விட்டது.

அன்றைக்குச் சாயங்காலமும் நீங்கள் வீடியோவில் வந்தீர்கள். வருவதற்கு முன்னால் நான் அந்தச் சென்டைச் சட்டையில் அடித்துக்கொண்டேன். போனில் வாசம் போகாது என்பது எனக்கும் தெரியும். அத்தை பார்க்கிறாரே, வெறுமனே எப்படி நிற்பது என்று தோன்றிற்று. நான் விடாமல் தும்மினதில் அவர், "ஏனுங்க, சளி புடிச்சிருக்குதுங்களா, மொளகு ரசம் வெக்கச் சொல்லுங்க," என்றார். யாரிடம் வைக்கச் சொல்வது என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவுதான் சங்கடம், வேறொன்றுமில்லை. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், பனியில் வழுக்காமல், வேலையில் மேலே மேலே வர அவிநாசியப்பரை வேண்டிக்கொள்கிறேன். குழந்தைக்குத் தாத்தாவின் முத்தங்கள். அத்தை இன்னும் ஆறு மாதம் நிம்மதியாக இருந்து பேத்தியைப் பார்த்துக்கொள்ளட்டும், என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்,
சூ. ஆறுச்சாமி.

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். ஆறு மாதம் இருக்கட்டும் என்று மேலே இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன், இரண்டையும் அடித்துவிடுங்கள். என்னால் முடியாது. மாமனார் தன் வீட்டுக்காரியை அனுப்பி வைக்கச் சொல்லி மாப்பிள்ளையிடம் கேட்பது முறையில்லை என்று நினைத்துத்தான் அன்றைக்குப் போனில் தாராளமாக இருக்கட்டும் என்றேன். நீங்கள் கேட்டபோது அவர் உங்கள் பின்னால் குழந்தையோடு நின்று, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதும், "அப்படிங்களா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த முகம்தான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, மாப்பிள்ளை. குழந்தைக்கு வேறு ஏற்பாடு செய்ய முடியுமா பாருங்கள், முடியாவிட்டால் நான் அங்கே வர விசாவுக்கு வழி பாருங்கள். மாமா கேட்டார் என்று அத்தையிடம் சொல்லிவிடுங்கள், ஒளிக்க வேண்டாம். எதுவென்று முடிவானதும் எனக்குப் போன் செய்யாதீர்கள், முதலில் அவரிடம் சொல்லுங்கள்.