நாற்பத்தெட்டு இஞ்ச் மாப்பிள்ளை

குண்டாக இருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. எதை உடுத்துவது என்று அவன் யோசிக்கவே வேண்டாம். கடைக்காரர் யோசித்து வைத்திருப்பார். பூந்தமல்லி கடையில் நான் படியேறும்போதே, "தம்பி, உங்க சைஸ்ல ரெண்டு கலர்தான் கீது" என்று குரல் வரும். ஒன்று கருநீலம். இன்னொன்று காபித்தூள். இருபத்தாறு வயது வரை என் வாழ்க்கை இந்த இரண்டுக்குள்தான் நடந்தது. (தீபாவளிக்குக் கருநீலம், பொங்கலுக்குக் காபித்தூள். வானவில்லை எல்லாம் வேடிக்கை பார்ப்பதோடு சரி.)

அப்போது என் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. கம்பெனியில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "அப்பா அம்மா உங்களை நம்பித்தான் இருக்காங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பயந்து, மறுநாள் விடியற்காலையில் குமணன்சாவடியிலிருந்து ஐயப்பன்தாங்கல் டிப்போ வரை நடக்க ஆரம்பித்தவன் ஒன்றரை வருஷம் நிற்கவேயில்லை. பரோட்டாவைத் துறந்தேன். எழுபத்தாறு கிலோவில் வந்து நின்றேன்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. இப்போது கடையில் எந்தச் சட்டை எடுத்தாலும் எனக்குப் பொருந்தியது. எனக்கு எது பிடிக்கும் என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். அதனால் எதையும் படித்தே கற்றுக்கொள்ள முடியும் என்று ஒரு நம்பிக்கை. நோட்டுப் புத்தகம் போட்டேன். முதல் பக்கத்தில் ‘உடை: ஓர் அணுகுமுறை’ என்று அடிக்கோடிட்டு எழுதினேன். உங்கள் ஆளுமையை உடுத்துங்கள் என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். தேடிப் பார்த்தேன், ஆளுமை ஸ்டாக்கில் இல்லை. ஆகவே இருப்பதிலேயே இறுக்கமானதை எல்லாம் வாங்கினேன். இளைத்தது ஊருக்குத் தெரிய வேண்டாமா? பூப்போட்ட சட்டை. கணுக்காலுக்கு மேலே நிற்கும் பேன்ட்.

தண்ணி லாரி ஓட்டும் என் அப்பா அந்தப் பேன்டை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"இன்னாடா இது, மழைத் தண்ணில எறங்கப் போறவன் கணக்கா தூக்கினு கீது?"

"ஸ்டைல், நைனா."

"தெருவுல தண்ணியே இல்லியேடா."

இந்த நேரத்தில்தான் பவித்ராவைப் பெண் பார்த்தோம். அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்குப் பிடித்துவிட்டது, ஆச்சரியம், அவளுக்கும் பிடித்துவிட்டது. அன்றே வீட்டில் ஒரு சத்தியம் வாங்கினேன். நான் குண்டாக இருந்த விஷயம் பெண் வீட்டுக்குத் தெரியவே கூடாது. கேலி கேட்டே வளர்ந்தவன் நான். புதிதாக ஒரு வீட்டில் நுழையும்போதாவது கேலியில்லாத ஆளாக நுழைய வேண்டும் என்று ஆசை. போனில் இருந்த பழைய படங்களை அழித்தேன். சொந்தக்காரர்களின் போனை ‘கொஞ்சம் குடுங்க சித்தி’ என்று வாங்கி அதிலும் அழித்தேன். வீட்டு ஆல்பத்தைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினேன். தடயத்தை அழிப்பதில் நான் காட்டிய அக்கறையை வேலையில் காட்டியிருந்தால் இந்நேரம் மேனேஜர் ஆகியிருப்பேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. கடைசியாகப் போட்ட காபித்தூள் சட்டையும் பேன்டும். துவைத்து, இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் மாட்டியிருந்தேன். தினமும் காலையில் அதைப் பார்ப்பேன். ஜெயித்தவன் தோற்றவனைப் பார்க்கிற மாதிரி.

நிச்சயதார்த்தம் அம்பத்தூரில் ஒரு சின்ன மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம்; அதற்குள் மோதிரம் மாற்ற வேண்டும். மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு தைத்துப் போடுவது பெண்ணின் தாய்மாமன் முறை. அவர் பெயர் ஆறுமுகம், ஆவடிக்காரர். முப்பது வருஷம் யூனிபார்ம் தைக்கும் வேலையில் சூப்பர்வைசராக இருந்தவர். பெண் பார்த்த அன்று அவர் வெளியூரில் இருந்தார், என்னைப் பார்த்ததில்லை. நான் வேலைக்குப் போயிருந்தபோது ஆள் அனுப்பி, வீட்டிலிருந்து அளவுக்கு ஒரு சட்டையும் பேன்டும் வாங்கிப் போயிருக்கிறார் என்று மட்டும் எனக்குத் தெரியும். எந்தச் சட்டை என்று நான் கேட்கவில்லை. (அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. நாள் முழுக்க மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கிறவன்.)

அன்று காலை மண்டப வாசலில், பூப்போட்ட சட்டையில் நின்றிருந்தேன். சந்தனப் பொட்டோடு ஒருவர் வேகமாக வந்தார்.

"தம்பி, மாப்பிள வந்துட்டாரா? நல்லா வாட்டசாட்டமா இருப்பாரே!"

"நான்தாங்க மாப்பிள்ளை."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு மெல்ல நின்றது. என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை, தோளிலிருந்து தோளுக்கு ஒரு தடவை பார்த்தார். வந்த வேகத்திலேயே உள்ளே போனார். அவர்தான் ஆறுமுகம் மாமா.

பதினொன்று இருபதுக்குச் சீர்த்தட்டு வந்தது. வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை அறைக்குப் போனேன். என் நண்பன் வினோத் கோட்டைப் பிரித்துத் தூக்கிப் பிடித்தான். பிடித்தவன் முழுசாக மறைந்து போனான்.

"மச்சான்," என்று கோட்டுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இதுக்குள்ள நாம ரெண்டு பேரும் குடித்தனம் பண்லாம்டா."

மார்பு நாற்பத்தெட்டு இஞ்ச். போட்டுப் பார்த்தேன். தோள் சரிந்து இறங்கியதில் கை விரல் நுனிகூடத் தெரியவில்லை. பேன்டை விட்டால் தரைக்குப் போனது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"எந்தச் சட்டைய குடுத்த?"

"அதான், கவர் போட்டு மாட்டி வெச்சினு கீறியே, அத்தத்தான். இருக்கறதுலயே அதான் ஒழுங்கா கீது. மத்ததெல்லாம் பனியன் மாரி கீது. அளவு எடுத்துனு அன்னிக்கே திருப்பிக் குடுத்தாங்க, அங்கியே மாட்டிட்டேன்."

"அது என் பழைய அளவும்மா!"

அம்மா என்னைப் பார்த்தாள். "எனக்கு நீ எப்பவும் அந்த அளவுதான்டா," என்றாள். அழுவதா திட்டுவதா என்று தெரியாமல் நான் பேன்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதவு திறந்தது. ஆறுமுகம் மாமா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கோட்டின் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணு கேப்பேன், மறைக்காம சொல்லு. உடம்புக்கு இன்னா?"

"ஒண்ணுமில்லீங்க மாமா."

"மூணு வாரத்துக்கு முன்னாடி வாங்கின சட்டை. அந்த அளவுலருந்து இந்த அளவுக்கு வந்துகீற. எம் தம்பியும் இப்பிடித்தான் எளைச்சான். நடக்கறான், டீவில சொல்றத கேட்டு சாப்புடறான்னு நெனச்சோம். ஆறு மாசத்துல தூக்கினு போனோம். எங்க பாப்பாவ அந்த மாதிரி ஒரு ஊட்டுல நான் குடுக்க முடியாது."

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இருபத்தெட்டு வயதில் மானம்தான் பெரிதாகத் தெரியும். சொன்னேன்: "அது எங்க அப்பா சட்டைங்க. அம்மா மாத்திக் குடுத்துட்டாங்க."

அந்த விநாடியில் கதவைத் தட்டிக்கொண்டு அப்பா உள்ளே வந்தார். தண்ணி லாரியின் ஹோஸ் பைப்புக்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரி இருப்பார். மாமா அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பொய் வேற," என்றார் மாமா.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். நூற்றுப் பதினெட்டு, டாக்டர், டிப்போ வரை நடை, பரோட்டா. மாமா நம்பவில்லை. முதலில் வந்த பொய் பின்னால் வந்த உண்மையைச் சாப்பிட்டுவிட்டது. வெளியே சத்தம் கேட்டுப் பவித்ரா வந்தாள், பட்டுப்புடவையும் பாதி கட்டிய பூவுமாக. விஷயத்தைக் கேட்டாள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கணக்கு டீச்சர், விடை பார்க்காமல் மார்க் போட மாட்டாள்.

"எப்பலருந்து எளைச்சீங்கன்னு தெரியற மாதிரி ஒரு பழைய போட்டோ காட்டுங்க, முடிஞ்சிது," என்றாள்.

"இல்லை."

"ஒண்ணுகூடவா?"

"போன்ல எல்லாத்தையும் அழிச்சிட்டேன். ஆல்பம் வீட்டுப் பரண்ல இருக்கு, எடுத்துட்டு வர்றதுக்குள்ள எமகண்டம் வந்துடும்."

இத்தனை நாளும் குண்டாக இருந்ததே இல்லை என்று நிரூபிக்கப் பாடுபட்டவன், குண்டாகத்தான் இருந்தேன் என்று நிரூபிக்க ஆதார் கார்டை நீட்டினேன். மாமா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"ஆதார்ல எல்லாரும்தான் இப்பிடி கீறாங்க."

மணி பதினொன்று முப்பத்தெட்டு. அப்போது அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். "டேய், மானம் போனா போவட்டும், கல்யாணம் போவக் கூடாது," என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்தாள். லக்னப் பத்திரிகை படிக்கக் காத்திருந்த ஐயரின் மைக்கை வாங்கினாள்.

"எங்க ஊட்டு சனமெல்லாம் கேளுங்க! எம் புள்ள குண்டா இருந்தானா இல்லியா? சாமி சாட்சியா சொல்லுங்க!"

அடுத்த ஐந்து நிமிஷத்தை நான் இன்றும் கனவில் காண்கிறேன். நான் அறை வாசலில் பேன்டைப் பிடித்தபடி நிற்கிறேன். என் சொந்தம் மொத்தமும், வாரக்கணக்காக அடக்கி வைத்ததை அவிழ்த்துவிட்ட மகிழ்ச்சியில் எழுந்து நிற்கிறது.

"எம் பொண்ணு காதுகுத்துல ரெண்டு பிளாஸ்டிக் சேர் ஒடச்சான்!" இது சித்தி. "அப்புறம் ரெண்டு சேர ஒண்ணு மேல ஒண்ணு போட்டு ஒக்கார வெச்சோம்!"

"ஷேர் ஆட்டோல இவன் ஏறினா டிரைவரு மத்தவங்கள எறக்கி வுட்ருவாரு!" இது வினோத். நண்பனாம்.

"மூணு தபா கட்டில் மாத்தினேன்," என்றார் அப்பா, அடக்கமாக.

பெண் வீட்டார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வீடியோக்காரர் ஒன்றையும் விடவில்லை. பவித்ரா மட்டும் சிரிக்காமல் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா தலையை ஆட்டினார்.

"கல்யாணம்னா சொந்தக்காரங்க எதையும்தான் சொல்லுவாங்க."

பதினொன்று நாற்பத்தைந்து. நான் அவர் கையைப் பிடித்து மறுபடி அறைக்குள் இழுத்தேன். கதவைச் சாத்தினேன். யாருக்கும், டாக்டரைத் தவிர யாருக்கும், காட்டாததைக் காட்டினேன். சட்டையைத் தூக்கினேன்.

எடை குறைப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. கொழுப்பு போய்விடும், அதைச் சுற்றியிருந்த தோல் போகாது. என் வயிற்றில் அது தளர்ந்து, மடிந்து தொங்கும். இரண்டு பக்கமும் வெளுத்த கோடுகள், ஆற்றுமணலில் தண்ணீர் வற்றின தடம் மாதிரி. அந்த இறுக்கமான சட்டைகளை நான் வாங்கியதில் பாதி ஸ்டைலுக்கு, மீதி இதை அடக்கி வைக்க.

மாமா குனிந்து பார்த்தார். கோடுகளின் மேல் விரல் வைத்தார், துணியில் தையல் பிரித்த தடம் பார்க்கிற மாதிரி. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"எம் தம்பிக்கு இந்தக் கோடு இல்ல. இது வெளுத்தே ரொம்ப நாள் ஆயிகீது, மூணு வாரத்துல வந்தது இல்ல," என்றார். "உனக்குத் தோலு இன்னும் பழைய அளவுலயே கீதுப்பா. ஏண்டா இத மறைச்ச?"

பதிலுக்குக் காத்திருக்க அவருக்கு நேரமில்லை. கதவைத் திறந்து மண்டபத்தைப் பார்த்துக் கத்தினார்: "பொம்பளைங்கல்லாம் ஆளுக்கு ரெண்டு ஊக்கு கழட்டிக் குடுங்க!"

இரண்டு வீட்டுப் பெண்களும் புடவையிலிருந்து ஊக்கு கழற்றினார்கள். மாமா என் முதுகுப் பக்கம் கோட்டையும் பேன்டையும் மடித்து மடித்துக் குத்தினார். முப்பத்தொன்று. (வினோத் எண்ணினான்.) முன்னாலிருந்து பார்த்தால் நான் ராஜா. பின்னாலிருந்து பார்த்தால் முள்ளம்பன்றி. யாருக்கும் முதுகைக் காட்டாமல், நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து மேடை ஏறினேன். பதினொன்று ஐம்பத்தாறுக்கு மோதிரம் போட்டேன். பெரியவர்கள் காலில் விழுந்தபோது நான்கு ஊக்கு திறந்து கொண்டது. வீடியோவில் ஒவ்வொரு ஆசீர்வாதத்துக்கும் நான் "ஆவ்!" என்று நன்றி சொல்வது தெளிவாகக் கேட்கும்.

கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போனபோது பவித்ரா என்னைக் கடை நடுவில் நிறுத்தினாள். "யாருக்குத் தெரியணும்னு பாக்காதீங்க, யாருக்குத் தெரியக் கூடாதுன்னும் பாக்காதீங்க. எதுல மூச்சு விட வருதோ அத எடுங்க." ஒரு மணி நேரம் நின்றேன். கொஞ்சம் தளர்வான காட்டன் சட்டை ஒன்றை எடுத்தேன், மாம்பழ மஞ்சளில். அன்றிலிருந்து என் உடை அதுதான். நிறம் மட்டும் மாறும்.

ஆனால் ஆறுமுகம் மாமா அதோடு விடவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஆவடியிலிருந்து அளவு நாடாவோடு வந்துவிடுவார். எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, என்னை நடுக்கூடத்தில் நிறுத்தி மார்பு, இடுப்பு, கை என்று அளந்து சத்தமாக அறிவிப்பார். பவித்ரா போன வருஷ அளவோடு ஒப்பிட்டுச் சொல்வாள். குறைந்திருந்தால் எனக்கு இரண்டு அதிரசம் கூடுதல். கூடியிருந்தால் என் பங்கு வினோத்துக்கு. அவன் அதற்காகவே வருகிறான்.

இந்த வருஷம் இடுப்பு ஒரு இஞ்ச் ஏறியிருந்தது. வீடே கைதட்டிச் சிரித்தது. வினோத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மாமா மட்டும் சிரிக்கவில்லை. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை அளந்து பார்த்தார். பிறகு நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்.

"எளைக்கல," என்றார். "நல்லா கீறான்."