இரண்டு மதர்போர்டும் ஒரு கேட் பாஸும்

“வெல்ட்ராவா, டோரிக்ஸா? ஏதாவது ஒண்ணு சொல்லும்மா. மதர்போர்டுக்கே நாலு நாளு யோசிச்சா, நாளைக்கு மாப்பிள்ளை பாக்கும்போது இன்னா பண்ணுவே?” என்று கேட்டார் கடைக்காரர் ராஜாமணி.

சுகப்பிரியா இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றித் திருப்பிப் பார்த்தாள். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பை ஒட்டியிருந்த அந்தக் கம்ப்யூட்டர் கடையில் கேபினட், மானிட்டர், கீபோர்டு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தாகிவிட்டது. அத்தனையையும் ஒன்றாகச் சேர்க்கிற பலகையை எந்தக் கம்பெனியுடையதாக வாங்குவது என்பதில் வந்து அவள் வண்டி நின்றுவிட்டது.

அவள் பிறவிச் சந்தேகக்காரி. தேங்காய் வாங்கினால் இரண்டு காதிலும் வைத்து ஆட்டுவாள். கண்டக்டர் டிக்கெட் கொடுத்தால் தேதி பார்ப்பாள். முந்தாநாள் ராஜாமணி, “டோரிக்ஸ் எடுத்துக்கோம்மா, நல்ல போர்டு” என்றார். டோரிக்ஸ்காரன் இவருக்குக் கமிஷன் தருகிறான் என்று அவள் நினைத்தாள். நேற்று அவர், “சரி, வெல்ட்ராவும் நல்லதுதான்” என்றார். அப்படியானால் இரண்டு பேரிடமும் வாங்குகிறார்.

“இந்த வெல்ட்ரா பெட்டியில ஸ்டிக்கர் கோணலா இருக்கே?” என்றாள்.

“ஒட்டுன ஆளு கோணலா நின்னுக்கினு ஒட்டியிருப்பான். நான் இன்னாம்மா செய்யறது?” ராஜாமணி பெருமூச்சு விட்டார். “இதோ பாரு. என்னை நம்பாதே. ரெண்டையும் எடுத்துக்கினு போ. உங்க கம்பெனியே போர்டு செய்யற கம்பெனி. தெரிஞ்சவங்ககிட்ட காட்டு. நாளைக்கு சாயங்காலம் ஒண்ணை வெச்சுக்கோ, ஒண்ணைத் திருப்பிக் குடு.”

“அட்வான்ஸ்?”

“ஒண்ணும் வாணாம்.”

ஒன்றும் வேண்டாம் என்று ஒருவர் சொன்னதும் அவளுக்குச் சந்தேகம் இரண்டு மடங்காயிற்று. ஆனாலும் பெட்டிகளை வாங்கிக்கொண்டாள். காரணம் ஒரு நாற்காலி.

ஒரகடம் ரோட்டில் உள்ள அந்தக் கம்பெனியில் மூன்று வருஷமாக அவள் கான்ட்ராக்ட் தொழிலாளி. பேக்கிங் லைனில் எட்டு மணி நேரமும் நின்றபடியே வேலை. வெள்ளிக்கிழமை பதினொரு பேருக்கு பெர்மனென்ட் லெட்டர் தரப்போகிறார்கள். லிஸ்டில் அவள் ஒன்பதாவது. பெர்மனென்ட் ஆனவர்களில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களை டேட்டா என்ட்ரிக்கு மாற்றுவார்களாம். அங்கே எல்லாருக்கும் நாற்காலி உண்டு, அதுவும் சுற்றுகிற நாற்காலி. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஆலங்குளத்திலிருந்து பஸ் ஏறியவளுக்கு, லெட்டர் வருவதற்குள் ரூமில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் பழகிவிட வேண்டும் என்று ஒரே வெறி.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகும்போது போர்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே போகும்போது கேட்டில் செல்போன் மட்டும்தான் பார்ப்பார்கள். வெளியே வரும்போதுதான் தலைப்பின்னல் வரைக்கும் தடவுவார்கள். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தது நினைவுக்கு வந்தது பத்து மணி டீ பிரேக்கில்.

நினைவுபடுத்தியவர் இசக்கியப்பன். பழுதான போர்டுகளைச் சரிசெய்கிற பிரிவில் டெக்னீஷியன். தென்காசிப் பக்கத்து ஆள்.

“அண்ணாச்சி, இதுல எது நல்லதுன்னு பாத்துச் சொல்லுதீயளா?”

இசக்கியப்பன் போர்டைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

“ஏ பிள்ள, இத எப்படி வெளிய கொண்டு போவ?”

“கொண்டு வந்த மாதிரித்தான்.”

“போர்டு செய்யுத கம்பெனியில இருந்து பையில போர்டோட வெளிய போறவளுக்கு என்ன பேருன்னு தெரியுமா?”

அவளுக்குத் தெரியும். போன வருஷம் ஒரு பையனின் ஷூ அடியில் ஒரே ஒரு ஸ்க்ரூ குத்தியிருந்ததைக் கேட்டில் பிடித்துவிட்டார்கள். அவன் இப்போது மறைமலை நகரில் வேலை தேடிக்கொண்டிருக்கிறான்.

“இப்பவே கேட்டுக்குப் போயி உண்மையைச் சொல்லிரு. வானமாமலை நம்ம பக்கத்து ஆளுதான்” என்றார் இசக்கியப்பன்.

கேட்டின் பொறுப்பாளர் வானமாமலை. மீசை, பெல்ட், நோட்டு மூன்றும் எப்போதும் விறைப்பாக இருக்கும்.

“சார், நான் ஆலங்குளம்...”

“நான் நாங்குநேரி. அதுக்கென்ன? ஊர்ப்பாசத்துல எல்லாத்தையும் விட்டுட்டே இருந்தா கடைசியில இந்தக் கம்பெனியில கேட்டு மட்டுந்தான் மிஞ்சும்.”

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் நோட்டைப் புரட்டினார்.

“உள்ள வந்ததுக்கு என்ட்ரி இல்லையே. என்ட்ரி இல்லன்னா வெளிய இருந்து வரல. வெளிய இருந்து வரலன்னா உள்ளயே இருந்தது. உள்ள இருந்ததுன்னா கம்பெனி சொத்து.”

“சார், இது வெல்ட்ரா. இது டோரிக்ஸ். இதை நம்ம கம்பெனி செய்யறதே இல்லையே!”

வானமாமலை குனிந்து பார்த்தார். “டோரிக்ஸ் வாங்காத. என் மச்சினன் வாங்கிட்டு அழுதான்.” உடனே நிமிர்ந்து குரலை மாற்றிக்கொண்டார். “ஸ்டோர்ஸ்ல கேட் பாஸ் வாங்கிட்டு வா. என் டியூட்டி முடியுததுக்குள்ள வரலன்னா, காலையில எச்.ஆர். மேசையில ரிப்போர்ட் இருக்கும். ஆமா, எந்தக் கடைன்னு சொன்ன?”

“சத்திரத்துல ராஜாமணி கடை சார். அட்வான்ஸ்கூட வாங்கல.”

“ஒண்ணுமே வாங்கலையா?” அவர் புருவம் தொப்பி வரைக்கும் ஏறியது.

ஸ்டோர்ஸுக்கு நடக்கும்போது ரிப்போர்ட்டை நினைத்து அவள் நடை ஓட்டமாயிற்று. அந்த ஓட்டத்திலும் ஒரு கேள்வி வந்தது: ஒருவேளை அந்த மச்சினன் வெல்ட்ரா விற்கிறவனோ?

ஸ்டோர்ஸில் பரசுராமன் இருந்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர். கம்பெனி நிற்கிற நிலத்தில் ஒரு காலத்தில் வேர்க்கடலை போட்டவர் என்பதால் யாருக்கும் பயப்படமாட்டார்.

“கேட் பாஸ்தானேம்மா? தாராளமா குடுக்கலாம். ஆனா ஸ்டோர்ல கீற பொருளுக்குத்தான் குடுக்க முடியும். இது ஸ்டோர்லயே இல்லியே.”

“அப்ப என்ன செய்ய?”

“ஏத்திட்டா முடிஞ்சுது.” பெரிய லெட்ஜரைத் திறந்தார். தேதி 12-7-2011. மதர்போர்டு, இரண்டு. “சப்ளையர் யாரும்மா?”

“என் பேரையே போடுங்க.”

‘சுகப்பிரியா’ என்று எழுதிவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “வெறும் பேரா கீது. ஆடிட்ல கேப்பான்.” பக்கத்தில் ‘அண்டு கோ’ என்று சேர்த்தார்.

“இப்ப கேட் பாஸ்?”

“இப்ப எப்படிக் குடுப்பேன்? இப்ப இது கம்பெனி சரக்காச்சே! குவாலிட்டில பாத்து முடிவு சொல்லணும்.” போர்டுகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். “வெல்ட்ரா மட்டும் வாங்காதேம்மா. என் தம்பி பையன் டோரிக்ஸ்தான் வெச்சிகிறான். கிண்ணுனு கீது.”

தம்பி பையன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்க நினைத்தாள். நேரமில்லை.

குவாலிட்டியில் மஞ்சுளா மேடம். அவர் கையெழுத்தில்லாமல் அந்தக் கம்பெனியில் ஓர் ஊசிகூட நகராது. இசக்கியப்பனைக் கூப்பிட்டு இரண்டு போர்டுக்கும் கரண்ட் கொடுக்கச் சொன்னார். வெல்ட்ரா மூச்சே விடவில்லை. டோரிக்ஸில் ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றியது. சின்னதாக ஒரு விளக்கு எரிந்தது. பிறகு அதுவும் அடங்கிவிட்டது.

“வெல்ட்ரா தேவலாம்” என்றார் மஞ்சுளா மேடம். “செத்துட்டேன்னு நேர்மையா சொல்லிடுச்சு. டோரிக்ஸ் உயிரோட இருக்கிற மாதிரி நடிக்குது.” சொல்லிக்கொண்டே இரண்டிலும் சிவப்புச் சீட்டுக் கட்டினார்.

சுகப்பிரியாவுக்கு அந்தப் பதற்றத்திலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஆக, இரண்டு கம்பெனிக்காரர்களும் சேர்ந்துதான் ஊரை ஏமாற்றுகிறார்கள். அவள் சந்தேகப்பட்டது வீண் போகவில்லை.

“ரிஜெக்ட் ஆயிட்டுன்னா திருப்பிக் குடுத்துருவீங்கள்லா மேடம்?”

“குடுப்போம். ஆனா சப்ளையருக்கு நோட்டீஸ் போகும். அதுல பர்ச்சேஸுக்கு ஒரு காப்பி, எச்.ஆருக்கு ஒரு காப்பி. யாரு இந்த சுகப்பிரியா அண்டு கோ? செத்த போர்டை நம்மகிட்டயே தள்றதுக்கு எவ்வளவு தைரியம்! இந்தக் கம்பெனியை நான் விடப்போறதில்ல.”

சுகப்பிரியா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை மெதுவாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

வெளியே வந்ததும் இசக்கியப்பனின் கையைப் பிடிக்காத குறை. “அண்ணாச்சி, எச்.ஆருக்கு என் பேருல நோட்டீஸ் போச்சுன்னா வெள்ளிக்கிழம எனக்கு லெட்டர் இல்ல. வீட்டுக்குத்தான் அனுப்புவாவ.”

“அழாத பிள்ள. ரிஜெக்ட் ஆனாத்தான நோட்டீஸு? ஓ.கே. ஆக்கிட்டா?”

சாப்பாட்டு நேரத்தில் இசக்கியப்பன் சோற்றைத் தொடவில்லை. இரண்டு போர்டிலும் குட்டி டிரம் மாதிரி வீங்கிப்போயிருந்த கப்பாசிட்டர்களைப் பிடுங்கி, லைனில் கழித்துப் போட்டதிலிருந்து தேடி எடுத்து வேறு வைத்தார். சூடுவைத்து, ஊதி, துடைத்து மறுபடியும் கொண்டுபோய்க் கொடுத்தார். இந்த முறை இரண்டும் எரிந்தன. ஃபேன்கள் போட்டி போட்டுக்கொண்டு சுற்றின.

மஞ்சுளா மேடம் சிவப்புச் சீட்டை அவிழ்த்து, ‘ஓ.கே.’ என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார். “பரவாயில்லையே. அந்த அண்டு கோகிட்ட சொல்லுங்க, அடுத்த லோடும் இதே தரத்துல வரணும்.”

சுகப்பிரியா ஸ்டோர்ஸுக்கு ஓடினாள். பரசுராமன் பச்சை ஸ்டிக்கரைப் பார்த்ததும் கையை விரித்தார்.

“அடப் பாவமே. ஓ.கே. ஆயிட்டுதா? ஓ.கே. ஆன சரக்கை வெளியே வுட முடியாதும்மா. லைனுக்குத்தான் போவும்.”

“ஐயா!”

“கத்தாதே. ரிஜெக்ட் ஆயிருந்தா அப்பவே குடுத்துட்டிருப்பேன். எந்தப் புண்ணியவான் இதைச் சரி பண்ணான்?”

புண்ணியவான் கதவுக்குப் பின்னால் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

பரசுராமன் லெட்ஜரை முன்னும் பின்னும் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். கடைசியில் விரல் ஒரு காலியிடத்தில் போய் நின்றது. “இரு இரு. ஆர்டர் நம்பர் எங்கே? ஆர்டரே போடாம எவனோ சரக்கை இறக்கிட்டுப் போயிருக்கான். ஆர்டர் இல்லாத சரக்கைத் திருப்பி அனுப்பணும். அதான் சட்டம். ஆனா சப்ளையர் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணுமே.”

“நான்தான்யா சப்ளையர்!”

“அட, ஆமா இல்ல?” என்றார் பரசுராமன், நிஜமாகவே மறந்துபோயிருந்தவராக.

அண்டு கோ சார்பில் நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டு, ஷிப்ட் முடிந்து கேட் பாஸோடு அவள் கேட்டுக்கு ஓடியபோது அங்கே புதிய காவலாளி உட்கார்ந்திருந்தார். பாஸைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், போகச் சொன்னார்.

“வானமாமலை சார்?”

“டியூட்டி முடிஞ்சு பத்து நிமிஷம் ஆச்சு. யாரோ ஒரு பொண்ணு வரேன்னுட்டு வரவே இல்லியாம். காலையில ரிப்போர்ட் எழுதறேன்னு சொல்லிட்டுப் போனாரு.”

ஷேர் ஆட்டோவில் சுங்குவார்சத்திரம் வரைக்கும் அவள் அதையே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். பத்து நிமிஷம். மூன்று வருஷம் நின்றதெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் காரணம் ராஜாமணி. வெல்ட்ரா, டோரிக்ஸ் இரண்டு பேரிடமும் கமிஷன் வாங்கிக்கொண்டு இரண்டு பேருடைய கெட்ட சரக்கையும் தன் தலையில் கட்டப் பார்த்த ராஜாமணி. இன்றைக்கு அந்த ஆளை ரோட்டில் நிற்கவைத்து நாலு பேர் கேட்கிற மாதிரி கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே பக்கத்துப் புடவைக் கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவள் முகம் சிவந்திருந்தது.

“ரெண்டும் கெட்ட போர்டு! ரெண்டும்!” என்று படியேறும்போதே ஆரம்பித்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

கடைக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் வானமாமலை உட்கார்ந்திருந்தார். காக்கி இல்லை, கட்டம் போட்ட சட்டை. மடியில் ஒரு வெல்ட்ரா பெட்டி, ஒரு டோரிக்ஸ் பெட்டி.

“சார்! கேட் பாஸ் வாங்கிட்டேன் சார். இதோ பாருங்க. பத்து நிமிஷம்தான் பிந்திட்டு. ரிப்போர்ட் மட்டும்...”

“பிந்திட்டா பிந்தினதுதான்” என்றார் வானமாமலை, பெட்டிகளை லேசாக அணைத்தபடி. “கம்பெனிக்குள்ள வெளிப்பொருள் கொண்டு வந்தது தப்பு. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு. காலையில எழுதத்தான் செய்வேன்.”

“நீங்க மட்டும்...?” அவள் கண் அவர் மடியில் இருந்தது.

“எம் மவனுக்கு. காலேஜ்ல கேக்கான். நாளைக்கு இசக்கியப்பன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கலாம்னு. நான் முறையா என்ட்ரி போட்டுல்லா கொண்டு போவேன்.”

இதற்குள் ராஜாமணி அவள் பையிலிருந்து போர்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பச்சை ஸ்டிக்கரைக் கண்டதும் முகம், காணாமல் போன பிள்ளையைக் கண்டுபிடித்தவர் மாதிரி மலர்ந்தது. “கெட்ட போர்டுன்றே, ஓ.கே.ன்னு போட்டுகீதேம்மா!”

டீக்கடை முனியம்மாள் காலி கிளாஸ் எடுக்க வந்தாள். மேஜை மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு போர்டையும், நாற்காலியில் இருந்தவரின் மடியில் இரண்டு பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இன்னா ராஜாமணி, இந்த மாசத்துல இவரு ஆறாவது ஆளா? நம்பறவனுக்கு நல்ல போர்டா பாத்து வித்துடறே. நம்பாதவன் கையில செத்த போர்டைக் குடுத்தனுப்பி, கம்பெனில ஓசியில ரிப்பேர் பண்ணிக்கினு வர வெக்கிறே!”

வானமாமலை மடியிலிருந்த இரண்டு பெட்டிகளையும் மெதுவாக மேஜை மேல் வைத்தார். எழுந்தார். சுகப்பிரியாவின் கையிலிருந்த கேட் பாஸை ஒரு தரம் பார்த்தார். பிறகு, “இதுல நேரம் போடலையே. அப்ப பிந்தலன்னுதான் அர்த்தம்” என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார்.