வாயைத் திறந்தபடி நின்ற மாப்பிள்ளை

எந்தப் பொறியாளரையும் சொந்த வீட்டில் திறமை காட்ட விடக் கூடாது. ஆபீசில் செய்த தப்புக்கு மெமோதான் வரும். வீட்டில் செய்த தப்போ ஆயுசுக்கும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்படும்.

குமுளியில் இணைய இணைப்பு கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. கண்ணாடி இழை கேபிளில் போகிற ஒளி, வழியில் எவ்வளவு இழப்பாகிறது என்பதை ஒரு கருவி தினமும் பதிவு செய்யும். இழப்பு கூடினால் நெட் இழுக்கும், குறைந்தால் பறக்கும். பழைய பதிவுகளையும் மழை, காற்று விவரங்களையும் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்து, எந்த லைன் எந்த நாளில் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வைத்தேன். (ஆபீசில் இதற்கு மெஷின் லேர்னிங் என்று பெயர். வீட்டில் 'தம்பி ஜோசியம்'.)

அந்த நேரத்தில்தான் தனம் அக்காவுக்குக் கம்பத்தில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை சரவணனுக்கு மஸ்கட்டில் வேலை. அக்கா குமுளியில் ஒரு ரிசார்ட் வரவேற்பில் இருந்தாள். இதற்கு முந்தைய வரனில், கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம் என்று பெரியவர்கள் தந்த சம்மதம் நிச்சயதார்த்தம் நெருங்கியபோது காணாமல் போயிருந்தது. அதனால் இந்த முறை ஒரே பிடிவாதம்.

"அவரு வாயால சொல்லணும், நான் என் காதால கேக்கணும். இல்லேன்னா இந்தப் பேச்சே வேணாம்."

வீடியோ காலில் கேட்பது என்று முடிவானது. சக்குபள்ளத்தில் எங்கள் வீடு ஏலத்தோட்டச் சரிவின் அடியில் இருக்கிறது. மொபைலுக்கு ரேஞ்சு கிடையாது, கேபிள்தான் கதி. பஞ்சாங்கத்தை எடுத்த அப்பாவைத் தடுத்துவிட்டு என் கம்ப்யூட்டர் மாடலைக் கேட்டேன். மழைக்கு முந்தைய ஒரு சனிக்கிழமையைக் காட்டி, எங்கள் லைன் அன்று மிக மிகச் சிறப்பு என்றது. வேறு எந்த லைனையும் அது அப்படிப் புகழ்ந்ததில்லை. (சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பெருமைப்பட்டேன்.)

அந்தச் சனிக்கிழமை மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் கம்பத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். டிவியில் மாப்பிள்ளை முகம் பளிச்சென்று வந்தது.

"மஸ்கட்டா இது? எதுத்த வீட்டுல உக்காந்திருக்க மாதிரில்ல இருக்கு!" என்றார் அவர் அப்பா. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அக்கா தொண்டையைச் செருமினாள். "கல்யாணத்துக்கப்புறமும் நான் வேலைக்குப் போவேங்க. உங்களுக்குச் சம்மதமா?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். வெளியே மடாரென்று ஏதோ முறிந்து விழுந்தது. திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

"சரின்னுதான் சொல்ல வர்றான்" என்றார் அவர் அம்மா.

"முடியாதுங்குற மாதிரில்ல இருக்கு, மதினி" என்றார் என் அம்மா.

"கொட்டாவியா இருக்கும்" என்றார் அப்பா.

நான் லேப்டாப்பில் மாடல் போட்டிருந்த கணக்கைப் பார்த்து, "சிக்னல் பிரமாதமா இருக்கு, யாரும் பயப்படாதீங்க" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. போனை எடுத்தாள், பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகினாள், ரேஞ்சு கிடைக்கிற மேல் வளைவுக்கு ஏற ஆரம்பித்துவிட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

பாதி வழியில் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்ததும் கால் நின்றது. மழைக்கு முன்னால் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். விழுந்த கிளையின் அடியில் எங்கள் கேபிள் அறுந்து கிடந்தது. வருஷா வருஷம் இந்த நாட்களில் அது அறுகிறது. அறுந்த நாளில் கருவி எதையும் பதியாது. காலியாக இருந்த அந்த இடங்களில் எல்லாம் நான்தான் பூஜ்யம் போட்டு நிரப்பினேன். இழப்பு பூஜ்யம் என்றால் அதைவிட நல்ல லைன் உலகத்திலேயே கிடையாது! லைன் செத்த நாட்களைத் தேடிப்பிடித்து, பொன்னான நாட்கள் என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன். அது பாவம், படித்ததை ஒப்பித்தது.

வளைவில் அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் மாப்பிள்ளை மூச்சுவாங்கினார்.

"சம்மதம்னு அப்பவே சொல்லிட்டேங்க! நீங்க யாருமே அசையல, மொறச்சுக்கிட்டே இருக்கீங்க. ஏதோ தப்பாப் பேசிட்டேன்னு பயந்தே போயிட்டேன்."

அக்கா அழுதாள், சிரித்தாள், என் முதுகில் ஒன்று வைத்தாள். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

இன்றும் அவள் கம்பத்திலிருந்து பஸ் ஏறிக் குமுளிக்கு வேலைக்கு வருகிறாள். வாய் திறந்து நின்ற மாப்பிள்ளையை அவள் மாமியார் அன்றே டிவியிலிருந்து போட்டோ எடுத்துவிட்டார். கல்யாண ஆல்பத்தில் முதல் படம் அதுதான். ஆபீசில் அந்தப் பூஜ்யங்களை நீக்கிவிட்டேன், வீட்டில்தான் முடியவில்லை. மஸ்கட்டிலிருந்து லீவில் வரும்போதெல்லாம், அக்கா ஏதாவது சிக்கலான கேள்வி கேட்டால் சரவணன் மாமா வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றுவிடுகிறார். உடனே அக்கா என் பக்கம் திரும்பி, "தம்பி, சிக்னல் எப்படிடா?" என்பாள்.

நான் "பிரமாதம்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் சோறு.