மாமரத்தில் நாற்பத்தொன்று

ஏழாங்கல் பேட்டை வியாபாரிகள் சங்கத் தலைவர் பொய் சொல்லியிருக்கிறார். போன மாதம் புது பஸ் கொட்டகைத் திறப்பு விழாவில், கழுத்து நிறைய மாலையோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பதினெட்டுப் புளியமரங்களும் என் குழந்தைகள். நான் இல்லாவிட்டால் இவை என்றைக்கோ விறகாகியிருக்கும்" என்றார். கூட்டம் கை தட்டியது. தட்டியவர்களில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும். எனக்கு முழுக்கத் தெரியும். நான் லாரி மெக்கானிக். மேடையில் பேச வராது. அதனால் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

அந்த மரங்களைக் காப்பாற்றியவர் நம்பர். பேட்டை முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும்.

ஓசூர் தாலுகா முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் நம்பரைப் போல உபத்திரவம் பிடித்த ஒரு மனிதர் கிடைக்கமாட்டார். ரோட்டு இலாகாவில் கூலி. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் ரோட்டில், இருபுறமும் நிற்கும் சர்க்கார் மரங்களுக்கு வெள்ளையும் காவியும் பட்டை அடித்து, அதன்மேல் கறுப்புப் பெயிண்டால் எண் எழுதுவதுதான் அவர் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும். அவர் தினமும் செய்வார். ஒரு கையில் சுண்ணாம்பு வாளி, ஒரு கையில் பெயிண்ட் டப்பா, காதில் பிரஷ். மரங்களை மரம் என்று சொல்லவே மாட்டார். "நாப்பத்தி ஏழுக்கு ரெண்டு நாளா ஒடம்பு சரியில்லைங்க, எல கொட்டுது" என்பார். கேட்கிறவர்கள், யாரோ ஆஸ்பத்திரியில் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் பேட்டையில் நாற்பத்தொன்று முதல் ஐம்பத்தெட்டு வரை பதினெட்டு மரங்கள். ராயக்கோட்டைத் தக்காளி வண்டிகள் அந்த நிழலில்தான் நின்று இளைப்பாறும். மரங்களில் தலைகீழாக வௌவால்கள். பழந்தின்னி வௌவால்கள், ஒவ்வொன்றும் ஒரு பூனைக்குட்டி அளவு. அவற்றுக்கு மட்டும் நம்பர் எண் போடவில்லை. "நின்னாத்தானே போடறது?" என்று வருத்தப்படுவார்.

என் ஷெட் நாற்பத்து நான்காம் மரத்தடியில். லாரியிலிருந்து வடித்த பழைய இஞ்சின் எண்ணெயை வேரில் ஊற்றுவது என் வழக்கம். ஒரு நாள் வந்து நின்றார்.

"ஏம்பா மெக்கானிக், நாப்பத்தி நாலுக்கு எதுக்கு எண்ணெ ஊத்துனே?"

"கழிவு எண்ணெங்க. வேற எங்க ஊத்தறது?"

"உன் சோத்துல ஊத்து."

நான் சிரித்தேன். மறுநாள் ஷெட்டுக்கு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எண்ணெய் ஊறிய மண்ணையெல்லாம் தோண்டியெடுத்து ஸ்டூலில் குவித்து, மேலே என் சாக்கையே விரித்து வைத்திருந்தார். நான் எழுந்தபோது என் காக்கி நிக்கர் கறுப்பாகியிருந்தது. நம்பர் எதிரே நின்று, "தொடச்சிக்கோ. நாப்பத்தி நாலுக்குத் தொடச்சிக்கக் கை இல்ல" என்றார்.

டூரிங் டாக்கீஸ்காரன் மரத்தில் ஆணி அடித்துப் படத்தட்டி மாட்டினான். நம்பர் குறடு கொண்டு எல்லா ஆணியையும் பிடுங்கினார். அன்றைக்குப் புதுப்படம். டிக்கெட் கவுண்டரில் சண்டையும் தள்ளுமுள்ளும். நம்பர் வரிசையில் ஒழுங்காக நின்று, ஜன்னல் வரை போய்ச் சேர்ந்தார்.

"தரையா, பெஞ்சா?" என்று கேட்டான் டிக்கெட் கொடுப்பவன்.

"ஆணி" என்று சொல்லி, துண்டை அவிழ்த்து அவ்வளவையும் ஜன்னல் வழியாகக் கொட்டினார். முதல் ரீல் முடியும்வரை கவுண்டரில் வேலை நடக்கவில்லை.

தீபாவளிக்கு மரத்தடியில் வெடி போட்டால் வௌவால்கள் கலைந்து பகலில் திசை தெரியாமல் பறக்கும். கம்பியிலும் சுவரிலும் மோதிச் சாகும். அதனால் நம்பர் தீபாவளி முழுக்கச் சுண்ணாம்பு வாளியோடு மரத்தடியில் காவல் நிற்பார். ஒரு வருஷம் தலைவர், புதுப் பட்டு வேட்டியில் வந்து, ஒரு முழு ரோடு நீளத்துக்குச் சரவெடியை விரித்தார். திரியில் நெருப்பு வைத்த நொடியில் நம்பர் வாளியைக் கவிழ்த்தார். வெடி அணைந்தது. பட்டு வேட்டி வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது.

"ஏய், நான் யாருன்னு தெரியுமாடா?"

"தெரியும்ங்க. நம்பர் போடாத ஆளு."

பகை அன்றைக்குத் தொடங்கியது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. பகைக்குக் காரணம் மாம்பழம். ரோட்டை ஒட்டித் தலைவருக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. வருஷா வருஷம் பழுக்கும் பருவத்தில் வௌவால்கள் வந்து கடித்துப் போட்டுவிட்டுப் போகும். வலை கட்டச் சொன்னார்கள். கட்டவில்லை. ரோட்டுப் புளியமரங்களையே வெட்டினால் வௌவால் போய்விடும் என்று தலைவர் கணக்குப் போட்டார். மனு தயாரானது. ரோடு குறுகல், லாரி திரும்ப முடியவில்லை, வௌவால் எச்சத்தால் வியாதி வருகிறது என்று எழுதிப் பேட்டையில் கையெழுத்து வாங்கினார்.

நானும் போட்டேன். மறைக்கவில்லை. வௌவால் எச்சம் என் லாரி பானட்டில் விழுந்து கொண்டிருந்தது, ஸ்டூல் கோபமும் ஆறவில்லை.

மனுவுக்கு உத்தரவு வந்தது. நாற்பத்தொன்று முதல் ஐம்பத்தெட்டு வரை வெட்டி விறகுக்கு ஏலம். வெட்டப் போகும் மரங்களுக்குச் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போடும்படி ஓவர்சியர் நம்பரிடமே சொன்னார். நம்பர் அந்தச் சிவப்பு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் மத்தியானம் என் ஷெட்டுக்கு வந்தார்.

"மெக்கானிக், ஒரு டின் மண்ணெண்ணெ குடு."

"எதுக்குங்க?"

"கையெழுத்துப் போட்டவன் கேள்வி கேக்கக்கூடாது. குடு."

கொடுத்தேன். பட்டப்பகலில், பேட்டையே பார்த்துக்கொண்டிருக்க, பதினெட்டு மரத்திலும் எண்ணைத் துடைத்துவிட்டுச் சுத்தமாகச் சுண்ணாம்பு அடித்தார். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. நம்பர் மரத்தில் எதையோ தேய்த்துக்கொண்டிருப்பது எங்களுக்கு வெயில் அடிப்பது மாதிரி. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு மாந்தோப்புக்குள் போனார். அங்கே பதினெட்டு மாமரங்களுக்கு வெள்ளை, காவி பட்டை அடித்து, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று அழகாக எழுதினார். தலைவர் வீட்டு அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"சர்க்கார்ல மாமரத்துக்கு ஒரம் குடுக்கப் போறாங்களா?"

"மரத்துக்கு நல்லதுதாம்மா" என்று மோரைக் குடித்தார் நம்பர்.

வெட்டுக்காரர்கள் மாலூர்ப் பக்கத்திலிருந்து வந்தார்கள். எட்டுப் பேர், கன்னடம் பேசுகிறவர்கள். அவர்களுக்கு ஒரே சட்டம்தான்: சீட்டில் உள்ள எண் மரத்தில் இருந்தால் வெட்டலாம். எண் இல்லாத ரோட்டு மரத்தில் கோடாலி பட்டால் சர்க்கார் மரம் திருடிய கேஸ். முன்னால் ஒரு தடவை அப்படி மாட்டி அலைந்தவர்கள். அதனால் புளியா, மாவா, வேம்பா என்றெல்லாம் பார்க்கமாட்டார்கள். எண்ணைத்தான் பார்ப்பார்கள். ரோட்டில் நாற்பதுக்கு அப்புறம் ஐம்பத்தொன்பதுதான் இருந்தது. நடுவில் இருந்தவை எண் இல்லாத மொட்டை மரங்கள். தேடிக்கொண்டே போனவர்கள் மாந்தோப்பில் நாற்பத்தொன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நம்பர் போட்ட திட்டம் இதுதான். தலைவர் ஓடி வருவார். "இந்த நம்பர் பொய்" என்று கத்துவார். ஓவர்சியரைக் கூப்பிடுவார். எண் குழப்பத்தில் ஏலம் நின்றுபோகும். எல்லாம் சரி. ஆனால் தலைவர் அன்றைக்கு ஊரில் இல்லை. பெங்களூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

வீட்டு அம்மா ஓடி வந்து தெலுங்கில், "வத்து! வத்து!", வேண்டாம் வேண்டாம் என்று அலறினார். வெட்டு மேஸ்திரி சீட்டைக் காட்டினான்.

"நம்பர் இதெ அல்வா, தாயி?" எண் போட்டிருக்கிறதே அம்மா என்று அவன் மரியாதையாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டுக் கோடாலியை ஓங்கினான். ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. மாமரத்திலிருந்து சிம்பு பறந்தது.

ரோட்டோரம் நாங்கள் ஐம்பது பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றோம். சிலர் சிரித்தோம். தலைவருக்கு நன்றாக வேண்டும் என்று நான் சத்தமாகவே சொன்னேன். நம்பர் சும்மா இருந்திருந்தால் போதும். ஏலக் கணக்கு தீர்ந்திருக்கும், புளியமரமும் நின்றிருக்கும், எண்ணை வேண்டுமென்றே மாற்றினார் என்று ஒருவராலும் நிரூபிக்க முடிந்திருக்காது.

அந்த மனிதர் வாளியை வீசிவிட்டு ஓடினார். மூன்றாவது வெட்டு இறங்குவதற்குள் மாமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கோடாலி அவர் காதுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"நிறுத்துய்யா! இது நாப்பத்தி ஒண்ணு இல்ல! நாந்தான் எழுதினேன்!"

"நீங்கதான் எழுதினீங்கன்னா அப்ப சரிதானே?" என்றான் மேஸ்திரி உடைந்த தமிழில். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது.

"சரி இல்லய்யா! தப்பா எழுதினேன்! வேணும்னே தப்பா எழுதினேன்!"

நான் கத்தினேன். "யோவ் நம்பரு, உனக்கென்ன பைத்தியமா? அது தலைவர் மரம்யா!"

அவர் மரத்தை விடாமலே திரும்பினார். "மரம் கையெழுத்துப் போட்டுச்சா மெக்கானிக்? நீதானே போட்டே?"

சிரிப்பு நின்றுபோனது. எனக்குத் தலை நிமிரவில்லை.

ஓவர்சியர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அவருக்குத் தலை சுற்றியது. "யோவ், சர்க்கார் நம்பரை மாத்தினேன்னு எல்லார் முன்னாலயும் சொல்றியே, வேலை போயிடும்யா!"

"போவட்டும் சார். ரெண்டு பக்கமும் மரம் நிக்குதுல்ல?"

ஏலம் ரத்தானது. தலைவர் திரும்பி வந்தார். மாமரத்தைப் பார்த்தார், இரண்டு வெட்டைத் தடவினார், உள்ளே போய் உட்கார்ந்து நம்பர்மேல் புகார் எழுதினார். தன் மரத்துக்குக் குறுக்கே நின்றவர்மேல் எழுதினார். பதினைந்து நாளில் நம்பருக்கு வேலை போனது.

அடுத்த மாதம், மறுபடி வெட்டி ஏலம் விடுவதற்காக, பதினெட்டுப் புளியமரங்களுக்கும் எண் எழுதப் புது ஆள் வந்தான். அன்றைக்குச் சந்தை. அவன் நாற்பத்தொன்றை எழுதிவிட்டு நாற்பத்திரண்டுக்கு நகர்ந்தான். தக்காளி விற்கிற முனியம்மாக்கா எழுந்து போய் நாற்பத்தொன்றின்மேல் சுண்ணாம்பை அப்பினார். அவன் நாற்பத்து மூன்றுக்குப் போனான். வண்டிக்காரர் ஒருவர் நாற்பத்திரண்டை அழித்தார். நாற்பத்து நான்கை நான் அழித்தேன். என் கையிலிருந்த எண்ணெய்க் கறை சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டது. ஐம்பதுக்கு வருவதற்குள் சந்தையே அவன் பின்னால் சுண்ணாம்போடு வரிசையாக வந்துகொண்டிருந்தது. அந்தப் புது ஆள் பிரஷைக் கீழே வைத்துவிட்டு ஒரு கூடைத் தக்காளி வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஓவர்சியர் வந்து, "யாரு அழிச்சது?" என்று கேட்டார்.

"நாங்க" என்றது சந்தை.

"பேரைச் சொல்லுங்க, எழுதணும்."

"எழுதிக்கோ சாமி. முனியம்மா. சுண்ணாம்பும் எங்க வூட்டுதுதான், அதையும் எழுதிக்கோ."

மறுபடி எழுத ஆள் அனுப்பினார்கள். மறுபடி அழித்தோம். மூன்று சந்தை இப்படிப் போனது. மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும், நான் உட்பட, கையெழுத்தை வாபஸ் வாங்குகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். தலைவர் மட்டும் கொடுக்கவில்லை. கடைசியில் இலாகா ரோட்டைக் கொஞ்சம் வளைத்துப் போட்டது. லாரி இப்போது நன்றாகவே திரும்புகிறது. வௌவால்கள் இருக்கின்றன. என் பானட்டில் எச்சமும் இருக்கிறது. துடைத்துக்கொள்கிறேன், எனக்குக் கை இருக்கிறது.

நம்பர் இப்போது மூக்கண்டப்பள்ளியில் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடந்தே பேட்டைக்கு வருவார். பதினெட்டு மரத்தையும் தட்டிப் பார்ப்பார். பிறகு வேலி ஓரம் நின்று அந்த மாமரத்தின் காயம் ஆறிவிட்டதா என்று எட்டிப் பார்ப்பார். தலைவர் வீட்டு அம்மா இன்றைக்கும் மோர் கொடுப்பார், தலைவர் இல்லாத நேரம் பார்த்து. என்னிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. ஷெட்டுக்குள் தலையை நீட்டி, "எண்ணெ எங்க ஊத்தறே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். ஒரு ஞாயிறு அவர் வராவிட்டால் எனக்கு அன்றைக்கு வேலை ஓடாது. ஸ்பானரை எங்கே வைத்தேன் என்று தெரியாது.

தலைவரே, இந்தப் பத்திரிகை உங்கள் கடைக்கு வரும், எனக்குத் தெரியும். அடுத்த சந்தை அன்று, அதே மரத்தடியில், அதே மைக்கில் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். வெட்டச் சொல்லி மனுப் போட்டது யார்? உங்கள் மாமரத்துக்கும் கோடாலிக்கும் நடுவில் நின்றது யார்? அவர் வேலையைப் பறித்தது யார்? என் பங்கு என்ன என்பதை உங்களுக்கு முன்னால் நானே மைக்கில் சொல்லிவிடுகிறேன்.

கூடவே, அந்தப் புகாரின் நகலை எடுத்து வாருங்கள். நாங்கள் அத்தனை பேரும் அத்தனை வருஷமும் அவரை நம்பர் என்றே கூப்பிட்டுவிட்டோம். அவருடைய முழுப் பெயரை விசாரித்து எழுதி வைத்திருப்பவர் இந்தப் பேட்டையில் நீங்கள் ஒருவர்தான். அதைச் சத்தமாகப் படியுங்கள். அந்த மனிதரை ஒரு தடவையாவது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் எனக்கு.